முழங்கால் ஆழக் கடலில் மீன் தேடி: வாசகர் கேள்வி–பதில்

வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமில்லாத மணல் திட்டுகளில் நடந்தே போய், மீனைக் கண்ணால் பார்த்த பிறகு அதன் முன்னால் ஃப்ளையை வீசிப் பிடிக்கும் கலையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். இறகும் நூலும் கட்டிய ஒரு சின்ன முள்தான் ஃப்ளை, அதில் உயிருள்ள இரை எதுவும் கிடையாது. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஆறுகளில் ட்ரௌட் மீனுக்குப் பல வருடமாக ஃப்ளை வீசுகிறேன். புல்தரையில் 80 அடி வரை போகிறது. கடல் திட்டுக்கு இந்தக் கை போதுமா?

தூரம் தாராளமாகப் போதும். திட்டுகளில் மேயும் வெள்ளி நிற மீனான போன்ஃபிஷ் பெரும்பாலும் 30 அடியிலிருந்து 50 அடிக்குள்தான் மாட்டுகிறது, அதைத் தாண்டினால் ஃப்ளையை அது எடுத்ததா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரியாது. குறை வேறு இடத்தில் இருக்கும். புல்தரையில் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டி, லைனை நீட்டி நீட்டி, தோதாக வரும்போது விடுகிறீர்கள். திட்டில் அந்த வசதி கிடையாது. மீன் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும், காற்று முகத்தில் அடிக்கும், மீன் தெரிந்ததிலிருந்து ஃப்ளை தண்ணீரில் விழுவதற்குள் கிடைப்பது ஐந்தாறு வினாடிதான், அதற்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தால் தலைக்கு மேல் பறக்கும் லைனின் நிழலே மீனை விரட்டிவிடும்.

ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போது இப்படிச் செய்யுங்கள். ஃப்ளையை இடதுகை விரல்களில் பிடித்துக்கொள்ளுங்கள், ராடு நுனிக்கு வெளியே 15 அடி லைன் மட்டும் தொங்கட்டும், மீதி காலடியில் கிடக்கட்டும். கூட இருக்கிறவர் திடீரென்று ஒரு திசையையும் தூரத்தையும் சொல்ல வேண்டும், நீங்கள் இரண்டே ஆட்டத்தில் அந்த இடத்தில் ஒரு தட்டு அளவுக்குள் ஃப்ளையை இறக்க வேண்டும். காற்றில்லாத மாலையில் செய்து பிரயோசனம் இல்லை, நல்ல காற்றில் போய் நில்லுங்கள். காற்று வலதுபக்கமிருந்து வந்தால் முள் நேராக உங்கள் காதுக்குத்தான் வரும். அப்போது மீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சிலேயே ஃப்ளையைக் கொண்டுபோய்ப் போடப் பழக வேண்டும். இடதுகையால் லைனை இரண்டு பக்கமும் இழுத்து வேகம் ஏற்றும் டபுள் ஹால் தெரியாமல் கிளம்ப வேண்டாம்.

இன்னொன்று, ட்ரௌட் கையோடு வருகிற எல்லோருக்கும் இது நடக்கிறது: மீன் கடித்ததும் ராடை மேலே தூக்கிவிடுவார்கள். போன்ஃபிஷ் தலையைக் கவிழ்த்து மணலோடு அழுத்தி ஃப்ளையை எடுக்கும், ராடைத் தூக்கினால் ஃப்ளை அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடும், மீன் மிரண்டு ஓடிவிடும். ராடு நுனி தண்ணீரைத் தொட்டபடியே இருக்கட்டும், இடதுகையால் லைனை நீளமாக ஒரு இழு, அவ்வளவுதான். முள் ஏறாவிட்டாலும் ஃப்ளை ஒரு அடிதான் நகர்ந்திருக்கும், அதே மீன் திரும்பி வந்து எடுக்க வாய்ப்புண்டு. முள் ஏறிவிட்டதா, உடனே மீனைப் பார்க்காதீர்கள், காலடியில் சுருண்டு கிடக்கும் லைனைப் பாருங்கள். இடதுகையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக வைத்து அதன் வழியே லைனை ஓடவிடுங்கள். ஷூ, பொத்தான், ராடின் அடிக்கட்டை என்று எதில் சுற்றினாலும், லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய தங்கூசி அந்த நொடியே அறுந்துவிடும். லைன் முழுவதும் ரீலுக்குப் போன பிறகு தலையை நிமிர்த்துங்கள், மீன் அதற்குள் நூறு கஜம் போயிருக்கும்.

கேள்வி: முதல் பயணம். பஹாமாஸ், கிறிஸ்துமஸ் தீவு, சீஷெல்ஸ் மூன்றும் மனதில் இருக்கின்றன. எங்கே போகலாம்?

போன்ஃபிஷ்தான் ஆசை, அதுவும் முதல் தடவை என்றால் நான் கிறிஸ்துமஸ் தீவைச் சொல்வேன். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அதே பெயரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு ஒன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அது செந்நண்டுகளுக்குப் பேர்போனது. நமக்கு வேண்டியது பசிபிக் நடுவில், கிரிபட்டி நாட்டின் லைன் தீவுகளில் இருப்பது. வரைபடத்தில் கிரிடிமாட்டி என்று போட்டிருக்கும். 1777-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேப்டன் குக் அங்கே வந்து சேர்ந்ததால் வந்த பெயர். நிலப்பரப்பில் உலகிலேயே பெரிய பவளத்தீவு அதுதான். உள்ளே இருக்கும் காயல் முழுவதும் வெள்ளை மணல் திட்டுகள், தரை கெட்டியாக இருக்கும், கால் புதையாமல் மணிக்கணக்கில் நடக்கலாம். மீன்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து பவுண்டு, எண்ணிக்கையில் ஏராளம். ஒரு மீனைத் தவறவிட்டால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும், கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே பொழுதில் பல தடவை வீசிப் பார்த்து, எங்கே பிசகியது என்று அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

அங்கே போகிறவர்கள் தேதியில் ஏமாந்துவிடக் கூடாது. ஹொனலூலுவுக்கும் அந்தத் தீவுக்கும் கடிகாரத்தில் மணி ஒன்றே, தேதிதான் சரியாக ஒரு நாள் தள்ளி இருக்கும். விமானங்கள் மிகக் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் திரும்பும் தேதியை இரண்டு முறை சரிபாருங்கள். புழங்குவது ஆஸ்திரேலிய டாலர், கையில் ரொக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

பஹாமாஸ் வேறு மாதிரி. ஆண்ட்ரோஸ் தீவைச் சுற்றியுள்ள திட்டுகள் போன்ஃபிஷ்ஷுக்கு உலகப் புகழ் பெற்றவை, அங்கே இருப்பது அல்புலா வல்பெஸ் என்ற அட்லாண்டிக் இனம், பெரிய மீன்கள் அதிகம், சந்தேகப்படும் குணமும் அதிகம். பல இடங்களில் சேறு என்பதால் நடப்பதைவிடப் படகின் முன்தளத்தில் நின்று வீசுவதே பெரும்பகுதி. 1970-களின் பிற்பகுதியில் ஆண்ட்ரோஸில் சார்லி ஸ்மித் என்ற வழிகாட்டியோடு மீன்பிடித்த அனுபவத்திலிருந்து பாப் நௌஹைம் கட்டிய ஃப்ளைதான் கிரேஸி சார்லி, இன்றைக்கும் போன்ஃபிஷ் பெட்டியில் அது இல்லாதவர் யாரும் இல்லை. 2017-இலிருந்து அங்கே திட்டில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும், போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சீஷெல்ஸை இரண்டாவது மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அல்ஃபோன்ஸ், அதற்குப் பக்கத்தில் செயின்ட் ஃபிரான்சுவா, இன்னும் தெற்கே ஃபார்குவார், கோஸ்மொலேடோ, ஆஸ்டோவ். எல்லாம் தலைநகர் இருக்கும் மாஹே தீவிலிருந்து சிறு விமானத்திலும், சிலவற்றுக்கு அதன்பின் படகிலும் போக வேண்டிய தொலைதூரப் பவளத்தீவுகள். போன்ஃபிஷ், ராட்சதப் பாரை, கிளாத்தி, பால்மீன், பெர்மிட் என்று ஒரே நாளில் ஐந்தாறு வகை எதிரே வரும், ஒவ்வொன்றுக்கும் வேறு ராடு, வேறு ஃப்ளை, வேறு இழுப்பு. கை பழகாமல் போனால் அத்தனை வாய்ப்பும் ராடு மாற்றுவதிலேயே வீணாகும்.

கேள்வி: எந்த மாதம், எந்தத் திதியில் போவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மாதம் இடத்தைப் பொறுத்தது, அதில் குழப்பம் இல்லை. சீஷெல்ஸின் வெளித் தீவுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாது, அக்டோபர் முதல் மே வரைதான் பருவம். பஹாமாஸில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாடை இறங்கினால் திட்டுத் தண்ணீர் ஒரே இரவில் குளிர்ந்து மீன் ஆழத்துக்குப் போய்விடும், ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஆகவே மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை என்று நான் திட்டம் போடுவேன். கிறிஸ்துமஸ் தீவில் வருடம் முழுவதும் மீன் உண்டு, ஆனால் எல் நினோ வருடங்களில் அங்கே மழையும் மேகமும் கூடும். 2015–16 எல் நினோவின்போது கடல் சூடேறி அந்தத் தீவைச் சுற்றிய பவளத்தில் பெரும்பகுதி செத்தே போனது.

திதி விஷயம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றும்போது திட்டு மொத்தமும் காய்ந்து வெளியே தெரியும், ஏறும்போது கொஞ்ச நேரத்திலேயே இடுப்புக்கு வந்துவிடும், மீன் கணுக்கால் தண்ணீரில் மேயும் நேரம் குறுகிவிடும். ஆனால் அந்த வேகமான நீரோட்டத்தில்தான் பெரிய பாரைகள் விளிம்பைத் தாண்டித் திட்டுக்குள் வரும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் பெரிதாக ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை, மேய்ச்சல் ஆழம் நீண்ட நேரம் நிற்கும், புதிதாகக் கற்கிறவருக்கு அது நிதானமான நாட்கள். போன்ஃபிஷ்ஷுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: இனப்பெருக்கக் காலத்தில், பஹாமாஸில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வாக்கில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி அவை ஆயிரக்கணக்கில் கூடி இரவில் ஆழ்கடலுக்குப் போய் முட்டையிடுகின்றன. அந்த நாட்களில் திட்டில் வயதுவந்த மீன்கள் குறைந்திருக்கலாம், அது உங்கள் கைக்குறை அல்ல.

ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் ஒரு வாரத்தில் எல்லா நிலைமையும் வந்து போகும். அதனால் மூன்று நாள் பயணம் போடாதீர்கள். குறைந்தது ஆறு நாள் தண்ணீரில் இருக்கும்படி பாருங்கள், செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சாமான்களில் குறையுங்கள், நாட்களில் வேண்டாம்.

கேள்வி: வழிகாட்டி "அதோ, அதோ" என்கிறார், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் பரிசோதனைகூடச் செய்துகொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி என்னதான் பார்க்கிறார்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்த மாத இதழுக்கு இதுதான் முக்கியமான கேள்வி என்று முடிவு செய்தேன். திட்டு மீன்பிடியில் ராடும் ரீலும் அப்புறம்தான், பார்வைதான் முதலில் பழக வேண்டியது, அதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் மிகக் குறைவு.

நீங்கள் மீனைத் தேடுகிறீர்கள். வழிகாட்டி மீனைத் தேடுவதில்லை. போன்ஃபிஷ்ஷின் உடம்பு முழுவதும் கண்ணாடி போன்ற செதில், மணல் மேல் போனால் மணலைக் காட்டும், புல் மேல் போனால் புல்லைக் காட்டும். அதன் உடம்பு தெரியாது, ஆனால் நிழல் தெரியும். வெயில் நேரத்தில் வெள்ளை மணலில் கரும்பச்சையாக ஒரு கோடு நகரும், அதைப் பிடித்துக்கொண்டு அரை அடி மேலே பார்த்தால் மீன் இருக்கும். மேற்பரப்பைப் பார்க்காதீர்கள், அலையும் பளபளப்பும் கண்ணை அங்கேயே நிறுத்திவிடும், தண்ணீருக்குள்ளே ஊடுருவித் தரையைப் பாருங்கள். தரையில் கல், புல்கொத்து, பள்ளம் எல்லாம் எங்கெங்கே என்று மனதில் பதியட்டும். கொஞ்ச நேரம் கழித்து இல்லாத ஒரு கல் புதிதாக இருந்தால், அது கல் அல்ல.

அப்புறம் தண்ணீரின் நடுக்கம். காற்று ஒரே மாதிரி சிற்றலை எழுப்பிக்கொண்டிருக்கும், அதற்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் வேறு திசையில் கூசிச் சிலிர்க்கும், அதன் கீழே கூட்டமாக மீன் போகிறது என்று அர்த்தம். கணுக்கால் ஆழத்தில் மேய்கிறபோது தலை கீழே, வால் மேலே. வால் நுனி வெளியே நீட்டிக்கொண்டு வெயிலில் வெள்ளியாக மினுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, மறைந்து, இரண்டடி தள்ளி மறுபடி எழும். மணலைக் கிளறி இறாலும் நண்டும் எடுக்கும்போது பால் கலந்தது போலத் தண்ணீர் கலங்கும். புதிதாகக் கலங்கியது அடர்த்தியாக ஓரம் தெளிவாக இருக்கும், பழையது கரைந்து பரவியிருக்கும், ஃப்ளை போட வேண்டியது அடர்த்தியான முனையில்.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள். போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இந்த மீன்பிடியே கிடையாது. வெயில் நாளுக்குச் செம்பு நிறம், மேகமான நாளுக்கு மஞ்சள் கலந்த வெளிர் நிறம், இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி விளிம்பின் அடிப்பக்கம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் தண்ணீரிலிருந்து எழும் ஒளி அதில் பட்டுக் கண்ணில் விழும். மெதுவாக நடங்கள், இப்போது நடப்பதில் பாதி வேகத்தில். வழிகாட்டி "10 மணி, 40 அடி" என்றால் படகின் மூக்கு 12 மணி. உடனே அந்தப் பக்கம் ராடை நீட்டுங்கள், "இன்னும் இடது, இன்னும்... அங்கேதான்" என்று அவர் திருத்துவார், ராடு நுனியோடு கண்ணும் போகும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தெரிந்ததுபோல் தலையாட்டிக் குத்துமதிப்பாக வீசினால் கூட்டத்தின் நடுவில் லைன் விழுந்து மொத்தமும் கலைந்துவிடும்.

கேள்வி: எத்தனை ராடு கொண்டுபோவது? ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாதா?

போன்ஃபிஷ்ஷுக்கு மட்டும் என்றால் 9 அடி நீள 8 வெயிட் ராடு ஒன்று போதும் (வெயிட் என்பது ராடு வீசக்கூடிய லைனின் எடையைக் குறிக்கும் எண், எண் கூடினால் ராடும் கனமாகும்), ஒடிந்தால் மாற்றுக்கு இன்னொன்று. பெர்மிட், கிளாத்திக்கு 9 அல்லது 10, ராட்சதப் பாரைக்கு 12. ரீலில் லைனுக்குப் பின்னால் 200 கஜம் பின்னூல், ஓடும் மீனுக்கு நூலைத் தடையில்லாமல் சீராக விடும் ட்ரேக், அதாவது ரீலின் பிரேக். குளிர்நாட்டு லைனை எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் இளகிக் குழைந்து ராடு வளையங்களில் ஒட்டிக்கொள்ளும், வெப்பமண்டலத்துக்கென்றே விறைப்பாகச் செய்த லைன் கிடைக்கிறது. முனைக்கு 10 அடி ஃப்ளூரோகார்பன் தங்கூசி, 16 பவுண்டு இழுவை தாங்குவது. ஃப்ளையில் நிறத்தைவிட எடைக்குக் கவனம் கொடுங்கள்: கணுக்கால் தண்ணீருக்கு இலேசான மணிச்சங்கிலிக் கண் வைத்தது, முழங்காலுக்கு மேல் கனமான ஈயக் கண் வைத்தது. மணலின் நிறத்தில் ஃப்ளை இருந்தால் தவறாது.

கேள்வி: ராட்சதப் பாரை ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் கனவு. வேறு எதுவும் வேண்டாம். நேராக அதற்கே போகலாமா?

போகலாம், ஆனால் அது எப்படிப்பட்ட மீன் என்று தெரிந்துகொண்டு போங்கள். தூண்டிலில் பிடித்த உலகச் சாதனை 2006-இல் ஜப்பானின் கடலில் எடுத்த 72.8 கிலோ. திட்டில் காண்பது அதில் சிறு பங்குதான் என்றாலும் ஆள் நிலைகுலைந்துபோக அது போதும். ஃபார்குவார் பவளத்தீவில் இவை தண்ணீருக்கு மேலே தாழப் பறக்கும் இளம் ஆலாக்களை எம்பிக் கவ்வி விழுங்குவதைப் படமே எடுத்திருக்கிறார்கள். பெரிய திருக்கை, சுறா இவற்றின் பின்னாலேயே பாரை ஒட்டி வரும், அவை கிளப்பிவிடும் இரையைப் பிடிக்க. ஆகவே திருக்கையைக் கண்டால் அதன் முதுகைக் கவனியுங்கள்.

பாரை கண்ணில் பட்டால் ஒரே வீச்சு. 60 அடி, கோழி அளவு இறகோடு ஈரமான பெரிய ஃப்ளை, 12 வெயிட் ராடு, நேராகக் கட்டிய 130 பவுண்டு தங்கூசி. விழுந்ததும் நீளநீளமாக, முடிந்த வேகத்தில் இழுக்க வேண்டும், அது துரத்தி வரும்போது பயந்து நிறுத்தினால் திரும்பிவிடும். முள் ஏறியதும் நேரே பவளத்தை நோக்கி ஓடும், ட்ரேக்கை இறுக்கி வைத்து அங்கேயே நிறுத்தாவிட்டால் பவளம் அறுத்துவிடும். சாதாரண லைனின் உள்நூலே இதில் அறுந்துபோகும் என்பதால் இதற்கென்று வலுவான உள்நூல் உள்ள லைன் வாங்குங்கள். நாள் முழுவதும் அந்தக் கனமான ராடைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, ஒரு தடவைகூட வீசாமல் திரும்பும் நாட்கள் உண்டு, அதை ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் மட்டும் அதற்கே போங்கள். முடியாது என்றால் போன்ஃபிஷ் ராடைக் கையிலும் பாரை ராடை வழிகாட்டியின் கையிலும் வைத்துக்கொண்டு நடப்பதே சந்தோஷம் தரும்.

கேள்வி: சாப்பிடவும் போவதில்லை, விற்கவும் போவதில்லை. ஒரு உயிரை முள்ளில் மாட்டி இழுத்துவிட்டு மறுபடி விடுவது என்ன நியாயம்? கோபத்தோடுதான் கேட்கிறேன்.

கோபத்தோடு கேட்க வேண்டிய கேள்விதான். மீனுக்கு அது துன்பம், அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தும் நான் இதை விடாமல் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரிபட்டியின் தலைநகரான டராவாவின் காயலில் ஒரு காலத்தில் போன்ஃபிஷ் கூட்டங்கள் முட்டையிடப் போகும் வழிகள் பல இருந்தன. தீவுகளை இணைத்துத் தரைப்பாலம் கட்டினார்கள், மிச்ச வழிகளில் வலை போட்டார்கள், பெரும்பாலான கூட்டங்கள் இல்லாமலே போய்விட்டன. பஹாமாஸில் திட்டு மீன்பிடியால் வருடத்துக்கு ஏறக்குறைய 141 மில்லியன் டாலர் வருமானம் என்று 2010-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது, மீன் உயிரோடு இருந்தால்தான் அந்த வருமானம். பெலீஸ் 2009-இல் போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன் மூன்றையும் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. திட்டைக் காக்க ஒரு ஊரே முன்வர வேண்டுமென்றால் அந்தத் திட்டால் அந்த ஊருக்குப் பிழைப்பு இருக்க வேண்டும், இதற்கு மேலான வழி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் இந்த நியாயம் மீன் பிழைத்தால்தான் செல்லும். பஹாமாஸின் எலூதெரா தீவில் நடந்த ஆய்வு ஒன்றில், விட்ட பிறகு நிமிர்ந்து நீந்த முடியாமல் புரண்ட போன்ஃபிஷ்கள் மற்றவற்றைவிட 6 மடங்குக்கும் மேல் சுறாவுக்கும் சீலாவுக்கும் இரையாவது தெரியவந்தது. புரள்வதற்குக் காரணம் கையில் வைத்திருந்த நேரமும் தண்ணீருக்கு வெளியே இருந்த நேரமும். ஆகவே முள்ளின் கொக்கிமுனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைச் சோர்ந்துபோகும் வரை இழுத்து விளையாடாதீர்கள், சீக்கிரம் கொண்டுவாருங்கள். உலர்ந்த கையாலோ துணியாலோ தொடாதீர்கள், மேலிருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கவசம். உதட்டைக் கவ்வும் கருவிகள் போன்ஃபிஷ்ஷின் வாயைக் கிழிக்கின்றன, வேண்டவே வேண்டாம். தங்கூசியைப் பிடித்துக் கீழே போய், முள்ளைத் திருப்பினால் பெரும்பாலும் மீனைத் தொடாமலேயே கழன்றுவிடும். படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், கேமரா தயாரான பிறகு பத்து வினாடிக்குள் ஒரு தடவை தூக்குங்கள், இரண்டாம் தடவை கிடையாது. சுறா சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் பிடிப்பதையே நிறுத்திவிட்டு வேறு திட்டுக்குப் போங்கள், ஏற்கெனவே மாட்டியிருக்கும் மீனைச் சுறா துரத்தினால் ட்ரேக்கைத் தளர்த்திவிட்டு அது தப்பிக்க விடுங்கள்.

கேள்வி: சுறா, கல்மீன், திருக்கை என்று பயமுறுத்துகிறார்கள். தண்ணீரில் நடப்பது ஆபத்தா?

திட்டில் காணும் கருமுனைச் சுறாவும் எலுமிச்சைச் சுறாவும் உங்களைப் பார்த்துத்தான் ஒதுங்கும், உங்கள் மீனுக்குத்தான் அவை ஆபத்து. திருக்கை மணலில் புதைந்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போகும். கல்மீன் விலகாது, அப்படியே கிடக்கும், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு, அதனால் பவளமும் கல்லும் உள்ள பக்கம் தடித்த அடியுள்ள பூட்ஸ் இல்லாமல் கால் வைக்காதீர்கள். குத்திவிட்டால் சுடுகிற ஆனால் தோலைப் பொசுக்காத வெந்நீரில், சுமார் 45 டிகிரி, காலை அமிழ்த்தி வைத்தபடியே மருத்துவரிடம் போகும் வழியைப் பாருங்கள். அழகான கூம்புச் சங்குகளைக் கையில் எடுக்க வேண்டாம், சில இனங்கள் கொட்டினால் உயிரே போகலாம். இத்தனையையும்விட அதிகம் பேரை வீழ்த்துவது வெயில்தான்: நீண்ட கை சட்டை, முகத்துணி, விரல் மூடிய கையுறை, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர்.

கேள்வி: திரும்பி வந்ததும் சாமான்களை எப்படிப் பராமரிப்பது? போன தடவை வாங்கிய ரீல் ஒரே வருடத்தில் இறுகிவிட்டது.

திரும்பி வந்ததும் அல்ல, தினமும் மாலையே செய்ய வேண்டும். ட்ரேக்கை இறுக்கி மூடிக்கொண்டு ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். லைனில் அன்றைக்கு வெளியே போன அளவையும் இழுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துச் சுற்றுங்கள். ராடின் இணைப்புகளைக் கழற்றித் துடையுங்கள், வளையங்களில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, அது லைனை அறுக்கும். நனைந்த ஃப்ளையைக் காயாமல் பெட்டிக்குள் திரும்ப வைத்தால் மற்ற ஃப்ளைகளும் சேர்ந்து துருப்பிடிக்கும், தனியே ஒரு டப்பாவில் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஊருக்கு வந்த பிறகு ரீலைப் பிரித்து ஒரு நாள் உலரவிட்டு, சுழல்தண்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, ட்ரேக்கை முழுவதும் தளர்த்திய பிறகு உறையில் போடுங்கள்.